நெல்லிவாசல்நாட்டுக் கல்லும் எங்கள் ஜீப்பும்

போளூரில் எங்கள் தெருமுனையில் வாடகைக் கார்கள் வரிசையாக நிற்கும். ஓட்டுகிறவர்கள் என்னைக் கண்டால் வண்டியை விட்டு இறங்கி வந்து பேசுவார்கள். சர்க்கார் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு அங்கே ஒரு மரியாதை. இப்போது ஜவ்வாது மலையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள். அதனால் வாரம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்.

"நைனா, மலையில பாக்கற மாதிரி எடம் இன்னா இன்னா கீது? ஒரு ரவுண்டு அடிக்கிற மாதிரி சொல்லேன்."

சொல்வேன். பீமன் அருவிக்கு மழைக்காலம் முடிகிற சமயம் கூட்டிப்போங்கள், கோடையில் போனால் வெறும் பாறையைக் காட்டி ஜனங்களை ஏமாற்றியது போல ஆகிவிடும் என்பேன். ஆதி மனிதர் பலகைக் கல்லை நிறுத்திச் சுவராக்கி, மேலே ஒரே கல்லைக் கூரையாகப் போட்ட கல் அறைகளைச் சொல்வேன். அந்தக் கூரைக்கல்லை எந்தக் கை தூக்கியதோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும். காட்டுக்குள் வில்லோடு நிற்கும் வீரன் கற்களைச் சொல்வேன். மலையை விட்டு இறங்கினால் சந்தவாசலில் டீ குடித்துவிட்டுப் படவேட்டு அம்மனையும் தரிசித்துவிட்டு வரச் சொல்வேன்.

நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சிற்றூர் உண்டு. அதை மட்டும் சொல்ல மாட்டேன். ஏன் என்பதை இதுவரை யாரிடமும் முழுசாகப் பேசியதில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லாரியில் கிளீனராகச் சேர்ந்து, அடி வாங்கி, கியர் பழகி, லைசென்ஸ் எடுத்தேன். என் அப்பன் முருகன் கண் திறந்து எழுபதுகளின் தொடக்கத்தில் சர்க்கார் வேலை கிடைத்தது. பழைய கோயில், கல்வெட்டு, நடுகல் எல்லாவற்றையும் தேடிப் பார்த்து எழுதிவைக்கிற இலாகா அது. நான் வெறும் டிரைவர்தான். ஆனால் காட்டுக்குள் போய்விட்டால் டிரைவர், பியூன் என்று பிரித்துப் பார்க்க முடியாது. அளக்கிற டேப்பின் ஒரு முனையை நான் பிடிப்பேன். கல்வெட்டைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவுவேன். கழுவிய கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் விடாமல் தட்ட வேண்டும். எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கிய பிறகு மைப்பந்தால் ஒற்ற வேண்டும். தாள் முழுக்கக் கறுத்து, எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து வரும். முதல் முறை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. செத்துப்போனவர்கள் பேசுகிற மாதிரி இருந்தது.

எங்கள் ஆபீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான மனிதர். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார், அவ்வளவுதான். யாராவது ஒரு கல்லைக் கண்டதும் ஓடிப்போய்த் தொட்டால், "முதல்ல கையைக் கட்டிக்கிட்டு நாலு பக்கமும் சுத்திப் பாருங்க. தொடறது கடைசி வேலை" என்பார். அவரே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரதட்சணம் வருகிற மாதிரி சுற்றுவார். வேலை முடியாமல் டீ குடிக்க மாட்டார். என்னை ஒரு நாளும் ஒருமையில் அழைத்ததில்லை. இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர் மேல் தப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அந்தச் சிற்றூருக்கு நாங்கள் போனது, மழை நின்று சாமைக் கதிர் பழுத்திருந்த நேரம். பாதி வழி வரைதான் ஜீப் பாதை. அதற்கப்புறம் செங்குத்து ஏற்றத்துக்கென்று இருக்கிற ஸ்பெஷல் கியரில் பாறை மேல் ஊர்ந்து ஊர்ந்து ஏற்றினேன். ஊரின் எல்லையில் ஒரு பெரிய புளியமரம். அடியில் ஒரு பிள்ளையார், அவரைச் சுற்றிக் கூழாங்கல் போலக் குவியலாகக் கற்கள். கிட்டப் போனால் கூழாங்கல் இல்லை. ஒரு முனை கூராகவும், மறு முனை உருண்டும், எண்ணெய் தடவிய மாதிரி வழவழப்பாகவும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

ஆபீசர் கையைக் கட்டிக்கொண்டு நாலு சுற்று சுற்றினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் இல்லாமல் அவர் கண்ணாடி துடைத்தது அன்றைக்குத்தான்.

"ஆறுமுகம், இரும்பு கண்டுபிடிக்காத காலத்து மனுஷன் தேய்ச்சுத் தேய்ச்சு செஞ்ச கோடாரிங்க இது" என்றார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஏர் உழும்போது இப்படி ஒரு கல் கிடைத்தால், மழையோடு வானத்திலிருந்து விழுந்த சாமி என்று எடுத்து வந்து கழுவி மரத்தடியில் வைத்துவிடுவார்கள். எந்தக் கல் எந்த வீட்டு ஏரில் கிடைத்தது என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வீட்டார்தான் அதைக் கழுவிப் பொட்டு வைக்க வேண்டும். வேறு வீட்டார் தொட மாட்டார்கள்.

ஊருக்குத் தலைவர் ஊர்க்கவுண்டர், சின்னக்கண்ணு என்று பெயர். முன்பல் ரெண்டு இல்லாத, சிரித்த முகம். மலையில் யாரையும் 'நீ' என்றுதான் பேசுவார்கள், ஆபீசரைக்கூட. அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. ஆபீசர் விஷயத்தைச் சொன்னார். அடிவாரத்திலிருந்து காரில் வந்து, அக்கம்பக்கத்து ஊர் மரத்தடிகளில் இருந்த இப்படிப்பட்ட கற்களை ஆட்கள் வாரிக்கொண்டு போகிறார்கள், கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டினால்தான் தப்பும், சர்க்காரிடம் கொடுங்கள் என்றார். அது நிஜம். பக்கத்து ஊரில் வெறும் மரத்தடியை நானே பார்த்தேன்.

"இன்னாத்துக்கு சர்க்காருக்குக் கல்லு?" என்றாள் ஒரு பெண். "ஊருல கல்லுக்கா பஞ்சம்? தோ, இந்த மலையே கல்லு. வேணும்ன்னா தூக்கிக்கினு போ."

எல்லாரும் சிரித்தார்கள். ஆபீசரும் சிரித்தார். அவள் பெயர் வெள்ளச்சி. நாற்பது வயது இருக்கும். சின்னக்கண்ணுவுக்குத் தம்பி மகள் முறை வேண்டும் என்று யாரோ சொன்னார்கள், அவளோ 'மாமா' என்று கூப்பிட்டாள். மலையில் உறவுமுறை எனக்குக் கடைசிவரை விளங்கியதில்லை. அவள் புருஷன் தேன் எடுக்கப் பாறையில் கயிறு கட்டி இறங்கியபோது கயிறு அறுந்து போய்ச் சேர்ந்துவிட்டான். அதற்கு முந்தின வருஷம் அவன் ஏரில் கிடைத்த கல் அங்கே இருந்தது. கறுப்பில் ஒரு வெள்ளை ரேகை ஓடும். அவன் விட்டுப்போனதில் அவளிடம் மிச்சம் அதுதான். தினமும் காலையில் அதைக் கழுவிவிட்டுத்தான் அடுப்பு மூட்டுவாள்.

பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வரவில்லை. கடைசியில் சின்னக்கண்ணு, "நாம இன்னா சொல்றது? சாமியையே கேப்போம்" என்றார்.

பூ கேட்பது என்பார்கள். அரளிப் பூவை நீரில் நனைத்துப் பிள்ளையாரின் வலது தோளில் ஒன்று, இடது தோளில் ஒன்று ஒட்டிவைப்பார்கள். வலது பூ முதலில் விழுந்தால் சம்மதம். இடது பூ விழுந்தால் இல்லை. ஆபீசர் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக் காலணியைத் தூரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். காற்றே இல்லை. சாமைக் கொல்லையில் குருவி விரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டேன். எது விழ வேண்டும் என்று வேண்டினேன் என்று கேட்டால், சொல்கிறேன். வலது பூ விழ வேண்டும் என்றுதான் வேண்டினேன். எங்கள் ஆபீசர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

வலது பூ விழுந்தது.

வெள்ளச்சிதான் முதலில் பேசினாள். பேசியது ஆபீசரிடம் இல்லை, என்னிடம்.

"பூவு வுழுந்துடிச்சி. சாமி போறேன்னு சொல்லிடுச்சி. செரி. யார் கூட போவுதுன்னு நான் கேக்கணும் இல்ல? அந்த ஆபீசர் நல்லவருதான். நல்லவங்களத்தான் சர்க்காரு ஜல்தியா வேற ஊருக்குத் தூக்கி அடிக்கும். நீ சொல்லு டிரைவரே. நீ வந்ததுமே செருப்பக் கழட்டிட்டு வுழுந்து கும்பிட்ட, நான் பாத்தேன். நெத்தி நெறைய துண்ணூறு வெச்சிகினு கீற. தை மாசம் சாமிக்குப் பொங்க வெப்போம். அன்னிக்கி நாங்க கீழ எறங்கி வந்தா, என் கல்லு என் கண்ணுக்குத் தெரியுமா?"

நான் ஆபீசரைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"தெரியும்மா. நான் பொறுப்பு" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். யாரும் என்னைச் சத்தியம் கேட்கவில்லை. பிள்ளையார் முன்னால் தட்டில் சூடம் எரிந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன வந்ததோ, வலது உள்ளங்கையை அதன் மேல் வைத்து அணைத்துவிட்டேன். சர்க்கார் ஜீப்புக்கு டீசல் போடக்கூட ஆபீசர் கையெழுத்து வேண்டும். அப்பேர்ப்பட்ட ஒருவன், சாமிக்குப் பொறுப்பு என்று சூடம் அணைத்தான்.

"அய்ய, கைய சுட்டுக்கினியே" என்றாள் வெள்ளச்சி. அவளே பச்சிலை கசக்கி வைத்துக் கட்டினாள். அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் கல்லைத் தாங்களே கழுவினார்கள். ஆபீசர் பஞ்சு வைத்து, துணி சுற்றி, கயிறு கட்டி ஒவ்வொன்றாக வாங்கினார். வெள்ளச்சி மட்டும் பஞ்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் புருஷனுடைய துண்டில் சுற்றிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் ஒரு மூங்கில் கூடையில் அடுக்கி ஜீப்பின் பின்னால் ஏற்றப் போனேன். சின்னக்கண்ணு குறுக்கே வந்து நின்றார்.

"பின்னாலயா? கால் வெக்கிற எடத்துலயா சாமிய வெப்பாங்க?"

ஆபீசர் தன் பையை முன்சீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு பின்னால் போய்ப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். என் பக்கத்து சீட்டில் கூடையை வைத்தோம். மலை இறங்கும் வரை பள்ளத்துக்குப் பள்ளம் பின்னால் அவர் தலை கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. "மெதுவா ஆறுமுகம், முன்னால பெரியவங்க உட்கார்ந்திருக்காங்க" என்றார். என் வேலைக்காலத்தில் அந்த நாளை விடச் சந்தோஷமாக நான் வண்டி ஓட்டியதில்லை.

கற்கள் கீழே டவுனில் இருந்த எங்கள் ஆபீஸ் ஸ்டோர் ரூமில் மரப்பெட்டிக்குள் போயின. கண்ணாடிப் பெட்டி கேட்டு மேலே எழுதினார் ஆபீசர். பதில் வருவதற்குள் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வெள்ளச்சி சொன்னது போலவே. போகிற அன்று பெட்டியின் மேல் கையை வைத்து, "பார்த்துக்குங்க" என்றார். நானும் வெள்ளிக்கிழமைதோறும் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். அதுதான் பார்த்துக்கொள்வது என்று நினைத்திருந்தேன்.

தை பிறந்தது. ஒரு நாள் காலை நான் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் வாட்ச்மேனோடு யாரோ சண்டை போடும் குரல்.

"எங்க சாமி உள்ள கீது. எங்க டிரைவரு உள்ள கீறாரு. நீ யாரு குறுக்க?"

திரும்பினால் வெள்ளச்சி. பின்னால் சின்னக்கண்ணு, இன்னும் நாலைந்து பேர். முந்தின நாளே நடந்து மலை இறங்கி, பஸ் மாறி வந்திருந்தார்கள். பட்டணத்தில் எதுவும் கிடைக்காது என்று நினைத்தோ என்னவோ சாமை, வெல்லம், தேன், புது மண்பானை, விறகு, அடுப்புக்கு மூன்று கல் வரை தலையில் சுமந்து வந்திருந்தார்கள். ஒருவர் காலிலும் செருப்பு இல்லை. விரதம் என்பதால் வாயில் பச்சைத்தண்ணீர்கூட இல்லை.

"இன்னா டிரைவரே, எளைச்சிப் பூட்ட! உம் பொண்டாட்டி சோறு போடறாளா இல்லயா?" என்றாள். என் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "ஆறிடிச்சே" என்று சிரித்தாள்.

அவர்களை மரநிழலில் உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினேன். கிளார்க்கிடம், "ஸ்டோர் சாவி கொஞ்சம் குடுங்க சார். அந்த மலைக் கல்லுப் பெட்டி. அஞ்சு நிமிஷம் வெளியே வெச்சா போதும்" என்றேன்.

"எந்தப் பெட்டி? கோடாரிக் கல்லா? அது மெட்ராஸ் போயிடுச்சே. நீங்க புது ஐயாவோட செங்கம் கேம்ப் போயிருந்தீங்களே, அப்ப லாரி வந்து எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. தலைமை ஆபீஸ் உத்தரவு."

"அங்க போனா பாக்கலாமா சார்?"

கிளார்க் கெட்டவர் இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "அங்க மலை மாதிரி பெட்டி குவிஞ்சு கிடக்கும் ஆறுமுகம். பிரிக்கறதுக்கே எத்தனை வருஷமோ. எது எதுலன்னு யாருக்குத் தெரியும்? எதுக்குக் கேட்கறீங்க?"

ஜன்னல் வழியாகக் காட்டினேன். அதற்குள் அவர்கள் தரையைப் பெருக்கிச் சாணம் தெளித்து அடுப்புக் கூட்டியிருந்தார்கள். வெள்ளச்சி ஒரு சின்னக் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் கல் ஒன்றுக்கு ஆகிற அளவு மஞ்சள்தான் இருந்தது.

அந்த வராந்தாவிலிருந்து மரத்தடிக்கு நடந்த தூரம் எனக்கு மலை ஏற்றம் போல இருந்தது. வழியிலேயே திருநீற்றை அழித்துவிடலாமா என்று தோன்றியது. அந்தத் திருநீற்றைப் பார்த்துத்தானே கொடுத்தாள்.

"இங்க இல்லம்மா. மெட்ராஸுக்கு எடுத்துக்கினு போய்ட்டாங்களாம். எனக்குத் தெரியாதும்மா. இப்பத்தான் தெரியும்" என்றேன்.

மஞ்சள் குழைத்த விரல் நின்றது. "மெட்ராஸுக்கு எந்தப் பக்கமா போவணும்?"

"ரயில்ல போவணும். போனாலும் பாக்க முடியாதாம்மா."

"அங்க யாரு அதுக்குத் தண்ணி ஊத்தறாங்க?"

சின்னக்கண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வுடு வெள்ளச்சி. பூவு வுழுந்து தானே போச்சி. சாமி இஷ்டம்" என்றார்.

"பூவு பொய் சொல்லல மாமா" என்றாள் அவள். என்னைப் பார்க்கவில்லை.

அவள் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் எழுந்து நின்று சுற்றும்முற்றும் பார்த்தாள். ஷெட்டில் ஈரத்தோடு நின்ற ஜீப்பைக் கண்டாள். கிட்டப்போய், கண்ணாடிக்குப் பின்னால் நான் ஒட்டியிருந்த முருகன் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"இது அந்த வண்டி தானே?"

"ஆமாம்மா."

"இந்தச் சீட்டுல தானே சாமி குந்திகினு வந்துச்சி?"

"ஆமாம்மா."

"அப்ப இன்னா?" என்று மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கயே வெப்போம்."

அடுப்புக் கற்களை ஷெட் வாசலுக்கு மாற்றினார்கள். சாமைப் பொங்கல் பொங்கியபோது ஆபீஸே ஜன்னலில் நின்றது. குழைத்த மஞ்சளை வெள்ளச்சி அந்த ரெக்ஸின் சீட்டில் தடவினாள். நாளைக்குப் புது ஆபீசர் உட்காரப்போகிற சீட்டு. நடுவில் குங்குமம் வைத்தாள். கிழிசலில் எட்டிப்பார்த்த தேங்காய் நாரைப் பிறந்த பிள்ளையின் தலைமயிரைத் தடவுவது போல உள்ளே தள்ளிவிட்டாள். சின்னக்கண்ணு தேங்காய் உடைத்தார். எல்லாரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். வாட்ச்மேனும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றான். ஜன்னலில் நின்ற கிளார்க் உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

இலையில் பொங்கல் வைத்து முதலில் எனக்குத்தான் நீட்டினாள். நான் இடது கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"கைய நீட்டு. பிரசாதம். வாணான்னு சொல்லக் கூடாது."

வலது கையை நீட்டினேன். சூடம் அணைத்த தழும்பின் மேல் சூடான பொங்கல் உட்கார்ந்தது. தின்றேன். பிரசாதத்தை எப்படி மறுப்பது?

பானையைக் கழுவிக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது வெள்ளச்சி கேட்டாள். "அடுத்த தைக்கு இந்த வண்டியாச்சும் இங்க இருக்குமா?"

இருக்கும் என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அது கேட்டவுடன் நம்பிவிடுகிற முகம்.

"தெரியலம்மா" என்றேன்.

"செரி" என்றாள். "வந்து பாக்கறோம்."

வந்தார்கள். அடுத்த தையிலும், அதற்கடுத்த தையிலும் வந்தார்கள். பிறகு ஜீப் ஏலத்துக்குப் போனது. அதைச் சொல்ல நானே மலையேறிப் போனேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் வெளியூர் போனது அன்றைக்கு மட்டும்தான். புளியமரத்தடியில் பிள்ளையார் மட்டும் இருந்தார். கற்கள் இருந்த இடத்தில் ஒவ்வொன்றும் அழுந்திய சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஈரம் இருந்தது. காலையில் அந்தந்த வீட்டார் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

இப்போதும் கார் ஓட்டுகிறவர்கள் கேட்கிறார்கள். "நைனா, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் உள்ள போனா பாக்க இன்னா கீது?"

"அங்க ஒண்ணும் இல்லப்பா" என்கிறேன். அதில் பொய் இல்லை. அதைச் சொல்லும்போது மட்டும் வலது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்கிறேன்.